ஆனி டிஃப்ராங்கோவை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது?

ஆறுதந்தி (மதுரை)

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை ஆண்டாகக் கிதார் பயில்கிறேன். போன வாரம் அறை நண்பன் 'போத் ஹேண்ட்ஸ்' என்ற பாட்டைப் போட்டான். ஒரு பெண்ணின் குரல், ஒரு கிதார், அவ்வளவுதான். ஆனால் உள்ளே யாரோ ஒளிந்திருந்து தாளம் தட்டுவது போலவே இருந்தது. பாட்டு முடிந்ததும் மறுபடி போடச் சொன்னேன். நான்கு முறை கேட்டோம்.

பாடியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஆனி டிஃப்ராங்கோ என்றான். தேடிப் பார்த்தால் 1990இல் தொடங்கி இருபதுக்கும் மேற்பட்ட ஆல்பங்கள், எல்லாமே அவருடைய சொந்த நிறுவனத்தின் வெளியீடு. எந்தப் பக்கம் கதவு இருக்கிறது என்றே தெரியவில்லை. வரிசையாகக் கேட்பதா, சிறந்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவதா? கேட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

கேசட்காலம் (கோவை)

தம்பி, இருபத்தைந்து ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். என் பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட பாட்டு எதில் இருக்கிறதோ அதிலேயே தொடங்குங்கள். 1990இல் அவர் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த முதல் ஆல்பம் அது. பஃபலோ நகரத்துப் பெண் அவர். நயாகராவுக்குப் பக்கத்தில், எஃகு ஆலைகள் மூடிய பிறகு வேலையிழந்து நின்ற ஊர். ஒன்பது வயதிலேயே மைக்கேல் மெல்ட்ரம் என்ற உள்ளூர்ப் பாடகரோடு சேர்ந்து மதுக்கடை மேடைகளில் பாடப் பழகியவர். பதினைந்து வயதில் பெற்றோரைச் சாராமல் தனித்து வாழச் சட்டப்படி உரிமை பெற்றுக்கொண்டார். முதல் ஆல்பம் வரும்போது வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். 500 கேசட்டுகள் போட்டு, பாடும் இடங்களில் விற்றார். விற்றுத் தீர்ந்தன. இந்த 500 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த முப்பது பேருக்காகத்தான் பாடுகிறார் என்பது ஒவ்வொரு பாட்டிலும் தெரியும்.

அடுத்து நேராக 1995இல் வந்த 'நாட் எ ப்ரெட்டி கேர்ள்' ஆல்பத்துக்குப் போய்விடுங்கள். இடைப்பட்டவற்றைப் பிறகு கேட்கலாம். இதில் ஆண்டி ஸ்டோசான்ஸ்கி டிரம்ஸ் வாசிக்கிறார். மற்ற கருவிகளைப் பெரும்பாலும் ஆனியே வாசித்திருக்கிறார். பெரிய நிறுவனங்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்த காலம். 'தி மில்லியன் யூ நெவர் மேட்' என்ற பாட்டு அவர்களுக்கு அவர் சொன்ன மறுமொழி. '32 ஃப்ளேவர்ஸ்' பாட்டும் இதில்தான் இருக்கிறது. 1997இல் அலானா டேவிஸ் அதை வேறு வடிவத்தில் பாட, வானொலிகளில் அந்த வடிவம்தான் ஒலித்தது. மூலத்தை ஆனி குரலில் கேளுங்கள். பாட்டு முடிந்த பின்னும் தாளம் மட்டும் தனியே ஓடிக்கொண்டிருக்கும். ஒருவர் பேசி முடித்த பின்னும் அவருடைய கை சும்மா இராமல் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பது போல.

மூன்றாவது, 1996இன் 'டைலேட்'. காதலால் உடைந்துபோன ஒருவருடைய ஆல்பம். இதைப் பகலில் கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. 'லைக் ஐ செட்' என்று ஒன்று வரும். முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து 15 பாட்டுகளை எடுத்து மறுபடி பதிவுசெய்தது. அதைத் தொகுப்பு என்று நினைத்து முதலில் வாங்கிவிடாதீர்கள். முதல் பதிவில் இருக்கும் படபடப்பு அதில் போய்விட்டது.

எல்லைநகர் (டொராண்டோ)

ஐயா சொன்னதை மதிக்கிறேன். ஆனாலும் இந்தப் பாடகரை ஸ்டுடியோவுக்குள் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். 1997இல் வந்த 'லிவிங் இன் க்ளிப்' கச்சேரிப் பதிவில்தான் தொடங்க வேண்டும். இரண்டு வட்டுகள், 31 தடங்கள். ஆனி, ஸ்டோசான்ஸ்கி, பாஸ் கிதாரில் சாரா லீ. இந்த மூவர் 1995, 1996 சுற்றுப்பயணங்களில் எப்படி வாசித்தார்கள் என்பது அப்படியே இருக்கிறது. பாட்டு பாதியில் நிற்கிறது, சிரிக்கிறார், கதை சொல்கிறார், மறுபடி பிடிக்கிறார். தம்பிக்குப் பிடித்த 'போத் ஹேண்ட்ஸ்' இங்கே பஃபலோ பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு வருகிறது. முதலில் தனிக் கிதாரில் கேட்டுவிட்டு இதைக் கேட்டால், ஒற்றையடிப் பாதையாகப் பார்த்த வழியில் ஊரே திரண்டு நடந்து வருவது போல இருக்கும்.

தலைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கிக்குள் தாங்கும் அளவைவிட அதிகமாக ஒலி புகுந்தால், அலையின் முகடு வெட்டுப்பட்டுச் சிவப்பு விளக்கு எரியும். அதைத்தான் க்ளிப் என்பார்கள். அந்தச் சிவப்பிலேயே குடியிருப்பது என்று ஆல்பத்துக்குப் பெயர். அவர் எப்படிப் பாடுகிறார் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

எங்கள் ஊரிலிருந்து பஃபலோ இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். டெலவேர் அவென்யூவில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய மெதடிஸ்ட் தேவாலயம் ஒன்று இருக்கிறது. இடித்துவிடுவார்கள் என்ற நிலையில் இருந்தது. ஆனியும் அவருடைய நிர்வாகி ஸ்காட் ஃபிஷரும் அதை வாங்கிச் செப்பனிட்டார்கள். இன்று மேலே கச்சேரி மண்டபம், உள்ளேயே ஹால்வால்ஸ் என்ற கலை மையம். போன குளிர்காலத்தில் வேறொருவர் கச்சேரிக்காக அங்கே போயிருந்தேன். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே வண்ணக் கண்ணாடி சன்னல்களுக்குக் கீழே உட்கார்ந்து, 500 கேசட்டில் தொடங்கிய ஒன்று இந்தக் கற்சுவர்களைக் காப்பாற்றியிருக்கிறதே என்று நினைத்தேன். அன்றைய பாடகரை விடவும் அந்த நினைப்புதான் மனத்தில் தங்கிவிட்டது.

கறார்க்காது (சென்னை)

இரண்டு பேரும் நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் யாரும் சொல்லத் தயங்கும் ஒன்றை நான் சொல்கிறேன். இவர் அளவுக்கு மீறி வெளியிட்டார்.

1999ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சனவரியில் 'அப் அப் அப் அப் அப் அப்'. இடையில் யூட்டா பிலிப்ஸோடு ஓர் ஆல்பம். நவம்பரில் 'டு த டீத்'. ஒரே ஆண்டில் மூன்று. 2001இல் 'ரெவலிங்/ரெக்கனிங்' என்று இரட்டை ஆல்பம், 29 தடங்கள். இவற்றிலெல்லாம் அருமையான பாட்டுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிற பத்துப் பன்னிரண்டு நிமிடங்களும் இருக்கின்றன. 'இது வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், அந்த மூன்றாண்டுப் பாட்டுகளிலிருந்து ஒரே ஒரு மகத்தான ஆல்பம் வந்திருக்கும்.

சொந்த நிறுவனம் என்றால் தடுக்க ஆள் இல்லை. அதன் நன்மையை எல்லோரும் பேசுகிறோம். அதன் விலையையும் பேச வேண்டும்.

தனிக்குரல் (சென்னை)

கறார்க்காது அண்ணா, இதற்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். நானே எழுதி, மெட்டமைத்து, கிதாருடன் பாடுகிறவள். ஆறு ஆண்டுகளாக. நம் மொழியில் இதற்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது, வாக்கேயக்காரர். சொல்லும் இசையும் ஒரே கையிலிருந்து வருவது. அந்தச் சொல்லைக் கர்நாடக இசைக்கு மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்களைப் பார்த்து 'நீங்கள் எந்தப் படத்துக்குப் பாடியிருக்கிறீர்கள்' என்று கேட்கிறோம்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எனக்கு ஒப்பந்தம் நீட்டியது. பெயர் வேண்டாம். முன்பணம் தருவார்கள். பதிவுச் செலவு, காணொளிச் செலவு, விளம்பரச் செலவு எல்லாம் என் கணக்கில் ஏறும். அந்தக் கடன் என் பங்கிலிருந்து முழுவதும் கழிந்த பிறகுதான் எனக்குக் காசு வரத் தொடங்கும். கடன் கழிந்த பிறகும் மூலப்பதிவு அவர்களுடையதுதான். வீட்டுக்கடன் முழுவதையும் கட்டி முடித்த பிறகு பத்திரத்தை வங்கியே வைத்துக்கொள்ளும் என்றால் ஒப்புக்கொள்வோமா? இன்னொரு விதியும் இருந்தது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்பதை அவர்கள் முடிவுசெய்வார்கள். 'வேண்டாம், அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று சொல்லும் அந்த ஆள், அண்ணா, காகிதத்தில் அப்படித்தான் இருப்பார். நான் கையெழுத்துப் போடவில்லை. அன்று இரவு கேட்டது ஆனியின் முதல் ஆல்பத்தைத்தான்.

1997இல் 'மிஸ்.' என்ற பெண்ணிய இதழ், 21ஆம் நூற்றாண்டுக்கான 21 பெண்ணியவாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டது. அதில் ஆனியும் இருந்தார். என்ன சொல்லிப் புகழ்ந்தார்கள் தெரியுமா? அப்போது கோடிக்கு மேல் ஆல்பங்கள் விற்றிருந்த ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ் குழுவுக்கு ஓர் ஆல்பத்துக்கு 1.25 டாலர் கிடைக்கிறது, இவருக்கோ 4.25 டாலர் கிடைக்கிறது என்று. அவர் மகிழவில்லை. ஆசிரியருக்குத் திறந்த மடல் எழுதினார். பாட்டைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேச எவ்வளவோ இருக்க, பெண்ணிய இதழே தன்னைக் காசால் அளந்ததே என்ற வருத்தம் அதில் தெரிகிறது. தன்னைப் பாட்டெழுதுகிறவளாக நினைவு வைக்கும்படி கேட்டுக்கொண்டார். அந்த மடலை அச்செடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறேன்.

1999இல் மூன்று ஆல்பம் வந்தது உங்களுக்குக் குறையாகத் தெரிகிறது. எனக்கு அது ஒருவர் மூச்சு விடும் வேகம். 'டு த டீத்' ஆல்பத்தில் 'ஹலோ பர்மிங்ஹாம்' என்று ஒரு பாட்டு. 1998 அக்டோபரில் பஃபலோ பகுதியில் கருக்கலைப்பு மருத்துவர் பார்னெட் ஸ்லெபியனை அவர் வீட்டிலேயே ஒருவன் சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு தொடக்கத்தில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றில் குண்டு வெடித்திருந்தது. தன் ஊரிலிருந்து அந்த ஊருக்கு எழுதும் கடிதம் போன்ற பாட்டு. நடந்து ஓராண்டு ஆவதற்குள்ளேயே எழுதிப் பதிவாகிவிட்டது. சந்தைக்கு ஏற்ற நேரம் பார்க்கும் அலுவலகத்தில் இந்தப் பாட்டு எத்தனை கையெழுத்துக்காகக் காத்திருந்திருக்கும்?

முறுக்காணி (திருச்சி)

வாதம் சூடாகட்டும். நான் கிதாரைப் பற்றிப் பேசுகிறேன், கேள்வி கேட்டவர் கிதார் மாணவர் அல்லவா.

தம்பி, உள்ளே யாரோ தாளம் தட்டுவது போல இருந்தது என்றீர்களே, உங்கள் காது சரியாகக் கேட்டிருக்கிறது. அந்தத் தாளம் வலக்கையிலிருந்து வருகிறது. எஃகுக் கம்பி பூட்டிய அக்கூஸ்டிக் கிதார். விரல்களில் செயற்கை நகங்களை ஒட்டி, அவை பெயர்ந்து போகாமல் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வார். வாசிப்பில் அவ்வளவு வேகம், அவ்வளவு அடி. கட்டைவிரல் தடித்த, தாழ்ந்த சுருதிக் கம்பிகளில் பாஸ் வாசிக்கும். மற்ற விரல்கள் கம்பியைச் சுண்டிவிட்டு உடனே திரும்பி வந்து அதே கம்பியைத் தொட்டு அடக்கும். அந்த அடக்கம்தான் 'டக்' என்று கேட்பது. ஓர் ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே அவர் விடும் மௌனத்துக்கு அளவு இருக்கிறது. மிருதங்கக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

சுருதி கூட்டுவதும் வேறு. வழக்கமான வரிசையில் கம்பிகளை வைக்காமல், பாட்டுக்குப் பாட்டு மாற்றி இறக்கி வைப்பார். அதனால் நாம் பழகிய விரல் நிலைகளில் வைத்து அவர் பாட்டைத் தேடினால் கிடைக்காது. நான் ஒரு மாதம் அப்படித் தேடி ஏமாந்திருக்கிறேன்.

ஒலிப்பதிவில் ஆர்வமிருந்தால் 2004இன் 'எஜுகேட்டட் கெஸ்'. எழுதியது, பாடியது, எல்லாக் கருவிகளும் வாசித்தது, பதிவுசெய்தது, கலந்தது எல்லாமே ஆனி மட்டும். எட்டு ஒலிகளை மட்டும் தனித்தனித் தடங்களில் பதியக்கூடிய பழைய நாடா இயந்திரம். கணிப்பொறியில் நூறு தடம் வைத்துக்கொள்ள முடிகிற காலத்தில் எட்டுக்குள் நின்றிருக்கிறார். தன் குரலுக்குத் தானே பின்குரல் கொடுக்கிறார். அந்தப் பின்குரல்கள் முதன்மைக் குரலோடு ஒத்துப் போவதில்லை, வழக்காடுகின்றன. நள்ளிரவில் ஒருவர் தனக்குள் பேசிக்கொள்வதை ஒட்டுக்கேட்பது போல இருக்கும்.

இவ்வளவு அடித்து வாசித்ததற்குக் கை கணக்குக் கேட்காமல் விடவில்லை. 2005இல் தசைநாண் அழற்சி வந்து சுற்றுப்பயணத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. தம்பி, மணிக்கட்டு வலித்தால் அன்று கிதாரை வைத்துவிடுங்கள்.

கறார்க்காது (சென்னை)

தனிக்குரல் அம்மா, ஒப்பந்தக் காகிதத்தை நான் ஆதரிக்கவில்லை. அதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். ஒருவருடைய பாட்டைப் பூட்டி வைக்கும் அதிகாரம் வேறு. நம்பிக்கையான ஒரு நண்பர் அருகில் உட்கார்ந்து 'இந்தச் சரணம் இன்னும் கனியவில்லை' என்று சொல்வது வேறு. நான் கேட்பது இரண்டாவதை.

அதற்குச் சான்றும் அவரிடமே இருக்கிறது. 'எஜுகேட்டட் கெஸ்' முழுக்கத் தனியாக. அதற்கு அடுத்த ஆண்டே 2005இல் 'நக்கிள் டவுன்'. அதில் முதல் முறையாக ஜோ ஹென்றி என்ற பாடகரை இணைத் தயாரிப்பாளராக அழைத்துக்கொண்டார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டாவதில் பாட்டுகளுக்கு ஓரம் வெட்டித் தைத்தது போன்ற நேர்த்தி இருக்கிறது. உரிமையை விடவும் இல்லை, யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை. தானே ஒரு காதை அழைத்து வந்தார். பத்தாண்டுகளுக்கு முன்பே அழைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

தனிக்குரல் (சென்னை)

இது நியாயம். இப்படிச் சொன்னால் ஏற்கிறேன். ஆனால் இருபத்தேழு வயதில் உலகம் முழுக்கத் தன்னை மாற்றப் பார்க்கும்போது ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வாசிப்பதில் எனக்குக் குற்றம் தெரியவில்லை. 'டைலேட்' வந்தபோது அவருடைய சொந்த ரசிகர்களிலேயே ஒரு பகுதியினர் கோபித்தார்கள். பெண்களையும் காதலிப்பதாகப் பாடியவர் ஓர் ஆணுக்காக உருகி ஓர் ஆல்பம் முழுக்கப் பாடலாமா என்று. 1998இல் 'லிட்டில் ப்ளாஸ்டிக் கேஸில்' தலைப்புப் பாட்டில் அந்த உற்றுநோக்கலுக்குப் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பத் தரவரிசைப் பட்டியலில் 22ஆம் இடத்தில் நுழைந்த ஆல்பம் அது. பெரிய நிறுவனத்தின் துணை இல்லாமல்.

கதைகேட்பவள் (புதுச்சேரி)

எல்லோரும் தாண்டிப் போன இரண்டு ஆல்பங்களைப் பற்றிச் சொல்ல வந்தேன். கறார்க்காது 'யூட்டா பிலிப்ஸோடு ஓர் ஆல்பம்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை.

யூட்டா பிலிப்ஸ் சரக்கு ரயிலில் தொற்றி ஊர் ஊராகத் திரிந்தவர். கொரியப் போருக்குப் போய் மனம் உடைந்து திரும்பியவர். ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கத்தின் ஆள். மேடையில் பாட்டைவிடக் கதையே அதிகம் சொல்வார். அவருடைய கச்சேரிப் பதிவுகளை ஆனி கேட்டு வாங்கி, அந்தக் கதைகளை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் தானே தாளமும் கிதாரும் பாஸும் சேர்த்தார். 1996இன் 'தி பாஸ்ட் டிட்ன்ட் கோ எனிவேர்'. ஒரு கிழவரின் கரகரத்த பேச்சு, அடியில் இளையவள் ஒருத்தி போடும் தாளம். எங்கள் பாட்டி கதை சொல்லும்போது நாங்கள் 'உம்' கொட்டுவோம். கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். ஆனியின் இசை அந்த ஆல்பம் முழுக்க 'உம்' கொட்டுகிறது.

1999இன் 'ஃபெல்லோ வொர்க்கர்ஸ்' ஆல்பத்தில் இருவரும் நேரிலேயே சந்தித்து, நியூ ஆர்லியன்ஸில் சிறு கூட்டத்துக்கு முன் பதிவுசெய்தார்கள். முழுக்கத் தொழிலாளர் கதைகளும் பாட்டுகளும். பிலிப்ஸ் 2008இல் இறந்துவிட்டார். என் வயதில் இருப்பவர்கள் அவரைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் ஆனி வழியாகத்தான்.

கையில் நிறுவனம் இருந்தால் தன் பாட்டை மட்டும் வெளியிட வேண்டும் என்பதில்லையே. நியூயார்க்கில் தனக்குக் கவிதை சொல்லிக்கொடுத்த செகூ சுண்டியாட்டாவின் ஆல்பத்தை 2000இல் வெளியிட்டார். ஆண்ட்ரூ பர்டின் ஆல்பங்களையும் கொண்டுவந்தார். 2010இல் அனாயிஸ் மிட்செல் எழுதிய 'ஹேட்ஸ்டவுன்' ஆல்பம் இந்தச் சிறு நிறுவனத்தின் வெளியீடுதான். ஆனி அதில் பெர்செஃபனி என்ற பாத்திரமாகப் பாடினார். அது பிராட்வே நாடகமாகி 2019இல் எட்டு டோனி விருதுகள் வாங்கியது. 2024இல் அதே வேடத்தில் ஆனி பிராட்வே மேடை ஏறினார்.

கேசட்காலம் (கோவை)

கதைகேட்பவள், நன்றி. அந்த ஆல்பத்தை நான் விட்டது என் தவறு.

கறார்க்காதுக்கு ஒன்று. 2006இன் 'ரிப்ரீவ்' கேட்டிருக்கிறீர்களா? அப்போது அவர் நியூ ஆர்லியன்ஸில் பதிவுசெய்துகொண்டிருந்தார். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். ஊர் தண்ணீரில் மூழ்கியது. பாதியில் நின்ற பதிவுகள் அங்கேயே மாட்டிக்கொண்டன. பிறகு போய் அவற்றை மீட்டு வந்து, பஃபலோவில் கைக்குக் கிடைத்த பழைய சிந்தசைசரை வைத்துக்கொண்டு முடித்தார். டாட் சிக்கஃபூஸின் நெடும்பாஸ் (நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய பாஸ்), ஆனியின் கிதார். டிரம்ஸ் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வீணாக ஒரு நொடி அதில் இல்லை. நீங்கள் கேட்கும் கத்தரிக்கோலை அந்த ஆண்டு புயல் கையில் எடுத்துக்கொண்டதோ என்னவோ.

கறார்க்காது (சென்னை)

ஐயா, நேற்று இரவு இரண்டு முறை கேட்டேன். முன்பு ஏனோ தவறவிட்டிருக்கிறேன். என் பட்டியலில் முதல் மூன்றுக்குள் வந்துவிட்டது. 2001 இரட்டை ஆல்பம் பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றமில்லை.

எல்லைநகர் (டொராண்டோ)

பாராட்டு மட்டுமே எழுதிப் போனால் நேர்மையாக இராது. 2013 டிசம்பரில், லூசியானாவில் ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய நாட்டோவே பண்ணை மாளிகையில் பாட்டெழுதும் முகாம் நடத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. கறுப்பினப் பெண்கள் உட்படப் பலரும் கொதித்தார்கள். முகாமை ரத்துசெய்தார். ஆனால் முதலில் வெளியிட்ட அறிக்கை தன்னை நியாயப்படுத்துவதாக இருந்தது. கோபம் கூடிய பிறகுதான் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். நீதியைப் பாடி வளர்ந்தவர் என்பதால் அது எனக்கு அதிகம் வலித்தது. ஓராண்டுக்கு மேல் அவர் பாட்டைத் தொடவில்லை.

திரும்பி வந்தது 2021இன் 'ரெவல்யூஷனரி லவ்' வழியாக. சீக்கிய அமெரிக்கச் செயற்பாட்டாளர் வலரி கவுரின் எழுத்தால் உந்தப்பட்டு எழுதிய தலைப்புப் பாட்டு. அதைக் கேட்டபோது, பழைய ஆல்பங்களில் விரல் நீட்டிக் குற்றம் சொல்லும் குரல் அடங்கி, தன் பக்கத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்கும் குரல் ஒன்று வந்திருப்பதாகத் தோன்றியது. என் மனம் முழுதாகச் சமாதானமாகிவிட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி கேட்கிறேன்.

கதைகேட்பவள் (புதுச்சேரி)

சொன்னதற்கு நன்றி, அண்ணா. யூட்டா பிலிப்ஸ் ஆல்பத்தின் தலைப்புக்குப் பொருளே கடந்த காலம் எங்கும் போய்விடவில்லை என்பதுதானே. அந்த மாளிகையைத் தேர்ந்தெடுத்த நாளில் அவருக்கு அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

ஆறுதந்தி (மதுரை)

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். மன்னியுங்கள், தேர்வு இருந்தது.

கேசட்காலம் ஐயா சொன்னபடி முதல் ஆல்பம், 'நாட் எ ப்ரெட்டி கேர்ள்', 'டைலேட்'. பிறகு எல்லைநகர் அண்ணன் சொன்ன கச்சேரிப் பதிவு. எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். முதல் ஆல்பத்தில் 'போத் ஹேண்ட்ஸ்' பாடும்போது அவர் அந்தக் காதலுக்கு உள்ளேயே இருக்கிறார். பில்ஹார்மோனிக் குழுவோடு பாடும்போது வெளியே நின்று திரும்பிப் பார்க்கிறார். ஒரே சொற்கள். எந்த வடிவம் சிறந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை, இரண்டும் வேண்டும்.

'டைலேட்' ஆல்பத்தைப் பகலில் கேட்டேன், ஐயா. கேட்டிருக்கக் கூடாது. வகுப்பில் உட்கார முடியவில்லை.

1994இன் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' பற்றி யாரும் சொல்லவில்லையே? தலைப்புப் பாட்டு அதில் இரண்டு முறை வருகிறது. ஒரு முறை அக்கூஸ்டிக், ஒரு முறை எலெக்ட்ரிக். எந்தப் பாதையில் போவது என்று முடிவெடுக்காமல் இரண்டையும் நம் கையில் கொடுத்துவிட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது.

இன்னொரு செய்தி. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, என்னுடைய முதல் பாட்டைக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். ஒரே மூச்சில். நடுவில் கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் குரல் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமா என்று யோசித்து, அப்படியே வைத்துக்கொண்டேன்.

முறுக்காணி அண்ணா, ஒரு சந்தேகம். நகம் ஒட்டி டேப் சுற்றினால் விரல் நுனி மரத்துப் போகாதா? எத்தனை சுற்று?

முறுக்காணி (திருச்சி)

நகத்தின் அடிப்பக்கத்தில் ஒன்றரைச் சுற்று போதும். கணுவுக்குக் கீழே இறங்கக் கூடாது, விரல் மடங்க இடம் வேண்டும். இழுத்துச் சுற்றாதீர்கள், விரல் வெளுத்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். மின்சாதனக் கடையில் கிடைக்கும் கறுப்பு டேப்பே நல்லது, காகித டேப் வியர்வையில் கழன்றுவிடும். முதல் வாரம் நடுவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மட்டும் கட்டிப் பாருங்கள்.

பாட்டை இங்கே இடுங்கள், தம்பி. காய்கறி வண்டியோடு.